நூலகரின் மூன்றாவது கோடு

அத்தியாயம் 4

"என்னைக் காணோம்," என்றார் வந்தவர்.

கொழுந்தனார் பாதி கடித்த பிஸ்கட்டைக் கையிலேயே நிறுத்தினார். இந்தத் துப்பறியும் அலுவலகத்தில் அவர் கேட்காத புகார் இல்லை. நாயைக் காணோம் என்று வந்திருக்கிறார்கள், நகையைக் காணோம் என்று வந்திருக்கிறார்கள், புருஷனைக் காணோம், ஆனால் அவசரமில்லை என்றுகூட ஒரு அம்மாள் வந்திருக்கிறார். தன்னையே காணோம் என்று சொந்தக் காலில் நடந்து வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்த ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறார்.

"கடைசியா உங்களை எங்கே பார்த்தீங்க?" என்று நோட்டைத் திறந்தார். "என்ன கலர் சட்டை போட்டிருந்தீங்க?"

"தம்பி," என்றார் அண்ணி. வாயை மூடுங்க என்பதை அவர் அவ்வளவு சுருக்கமாகத்தான் சொல்வார்.

அண்ணிதான் துப்பறிபவர். ஐம்பத்தொரு வயது, பெரிய மூக்குக்கண்ணாடி, அதைவிடப் பெரிய கைப்பை. கொழுந்தனார் அவருடைய கணவரின் தம்பி. கணவர் சரக்குக் கப்பலில் இன்ஜினியர், வருடத்தில் பத்து மாதம் தண்ணீரில் இருப்பவர். "அண்ணிக்குத் துணையா இருடா" என்று தம்பியிடம் சொல்லிவிட்டுக் கப்பல் ஏறினார். தம்பியும் துணையாக வந்து பன்னிரண்டு வருடம் ஆயிற்று, இன்னும் பிஸ்கட் தின்றுகொண்டிருக்கிறார். இவர் வாய் ஓயாமல் அண்ணி, அண்ணி என்று கூப்பிட்டதில் ஊரே அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டது. போன மாதம் விலங்கு மாட்டும்போது ஒரு திருடன்கூட, "தப்புதான் அண்ணி, மன்னிச்சுக்கங்க" என்றான்.

வந்தவர் ஒல்லியான மனிதர். மடிப்புக் கலையாத முழுக்கைச் சட்டை, பையில் நாலாக மடித்த மஞ்சள் துணி. கண் இரண்டும் சிவந்திருந்தன.

"நான் நூலகர்ங்க. பல்கலைக்கழகத்துல கணினிக் கோட்பாட்டுத் துறையில இருபத்திரண்டு வருஷமா நூலகர். திங்கட்கிழமை காலையில ஒன்பது பத்துக்கு என்னை அழிச்சுட்டாங்க."

"அழிச்சுட்டாங்கன்னா?"

"போர்டுலேர்ந்து."

அண்ணி மேஜையில் முழங்கையை ஊன்றிக்கொண்டார். போன வாரம்தான் தச்சர் வந்து காலைச் சரிசெய்துவிட்டுப் போன மேஜை. ஆறு வருடமாக முட்டுக் கொடுத்தும் ஆடிக்கொண்டிருந்தது இப்போது ஆடாமல் நிற்க, முழங்கை ஊன்றிக் கதை கேட்பது அவருக்குப் புதுச் சுகமாக இருந்தது. "நிதானமா சொல்லுங்க," என்றார்.

நூலகர் சொன்னார். அந்தத் துறையில் புள்ளிகளையும் கோடுகளையும் வைத்து ஆராய்ச்சி செய்கிறார்கள். சுவர் அகலத்துக்கு ஒரு வெள்ளைப் பலகை, அதில் ஒரு பெரிய படம். பக்கத்திலேயே விதிகளின் பட்டியல். ஒவ்வொரு விதிக்கும் இடப்பக்கம் ஒரு குட்டிப் படம், வலப்பக்கம் ஒரு குட்டிப் படம். பெரிய படத்தில் எங்காவது இடப்பக்கத்து அமைப்பு கண்ணில் பட்டால், அதை எடுத்துவிட்டு வலப்பக்கத்தில் உள்ளதை அங்கே வைக்க வேண்டும். இனி எந்த விதியும் எங்கேயும் பொருந்தாது என்ற நிலை வரும்வரை மாற்றிக்கொண்டே போக வேண்டும். அந்த நிலைக்கு இறுதி வடிவம் என்று பெயர்.

இதுவரைக்கும் யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. ஏழு வருடத்துக்கு முன் துறைத்தலைவருக்கு ஒரு யோசனை உதித்தது. ஊருக்கெல்லாம் இந்த வித்தையைச் சொல்லிக்கொடுக்கிற துறை தானும் அதன்படி நடக்க வேண்டாமா? ஆட்களைப் புள்ளியாக்கினார். அறை, அலமாரி எல்லாவற்றையும் புள்ளியாக்கினார். யாருக்கு எதோடு வேலையோ அதைக் கோடாக்கினார். திங்கட்கிழமை தோறும் விதிகளை ஓட்டினார்கள். போர்டு சொன்னபடி துறை நடந்தது.

"போன வருஷம் லிஃப்ட்காரரை எடுத்தாங்க," என்றார் நூலகர். "அவருக்கு ரெண்டே கோடு. கீழ்மாடி ஒண்ணு, மேல்மாடி ஒண்ணு. விதி நாலு பொருந்திடுச்சு. வரிசையா மூணு புள்ளி இருந்தா நடுவுல இருக்கறதை எடுத்துட்டு, ரெண்டு முனையையும் நேரா சேர்த்துடணும். அதான் விதி நாலு."

"அப்ப லிஃப்ட்?" என்றார் கொழுந்தனார்.

"தானா போகுது. எங்கே போகுதுன்னுதான் தெரியல."

"உங்களுக்கும் ரெண்டே கோடுதானா?" என்று கேட்டார் அண்ணி.

"துறைத்தலைவர் ஒண்ணு, அலமாரி ஒண்ணு. நான் நடுவுல." நூலகருக்குக் குரல் கம்மியது. "என் பெயர்ப்பலகையைக் கழட்டிட்டாங்க. அது பரவாயில்லைங்க. காலையில உள்ளே நுழைஞ்சா பத்து பேர் சாப்பிட்டீங்களான்னு கேப்பாங்க. மூணு நாளா ஒருத்தர் கேக்கல. இல்லாத புள்ளியை எப்படிக் கேப்பாங்க? இன்னிக்கு நாலு மணிக்கு, இதான் இறுதி வடிவம்னு போர்டைப் படம் பிடிச்சு நிர்வாகத்துக்கு அனுப்பறாங்க. அதுக்கப்புறம் எந்தப் புள்ளியும் ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. நான் போனது போனதுதான்."

அண்ணி கடிகாரத்தைப் பார்த்தார். மணி இரண்டே கால்.

"கிளம்புங்க தம்பி. பிஸ்கட்டைப் போற வழியில தின்னலாம்."

கொழுந்தனார் எழுந்தார். துறையின் பேரை எங்கேயோ படித்த மாதிரி இருந்தது. ஏதாவது பிஸ்கட் கட்டிய காகிதத்தில் இருந்திருக்கும் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டார்.

லிஃப்டை நம்பாமல் மூன்று மாடியும் படியேறினார்கள். மேலே போனால் நூலக வாசலில் மாணவர்கள் வரிசை கட்டி நிற்கிறார்கள். உள்ளே உயரமான ஏணி. ஏணியின் உச்சியில் கோட்டு போட்ட கனத்த மனிதர் ஒருவர், இரண்டு அக்குளிலும் புத்தகத்தை இடுக்கிக்கொண்டு, தும்மிக்கொண்டிருந்தார்.

"அவர்தான் துறைத்தலைவர்," என்றார் நூலகர் மெதுவாக.

"நூலகர்னு ஒருத்தர்... ஹச்... இருந்தாரு," என்றார் துறைத்தலைவர், அண்ணி விசாரித்ததும். "திங்களோட சரி. இப்ப எனக்கும் அலமாரிக்கும் நேர்க்கோடு. யாருக்கு என்ன புத்தகம் வேணும்னாலும் நான்தான் ஏறி எடுக்கணும். மூணு நாள்ல நானூறு தடவை... ஹச்... ஏறிட்டேன்."

"அவர் இதோ உங்க ஏணிக்குக் கீழேதானே நிக்கறாரு?"

துறைத்தலைவர் கீழே பார்த்தார். நூலகரின் தலைக்கு ஒரு சாண் மேலே பார்த்தார். கண்ணில் நீர் கோத்திருந்தது. "அங்கே புள்ளி எதுவும் இல்லைங்களே," என்றார் பாவமாக. "இருந்தா எனக்குத்தான் முதல்ல சந்தோஷம். என்ன செய்யறது, விதியை மீற முடியாது."

கொழுந்தனார் அண்ணியின் காதருகே குனிந்தார். "இவர்தான் அண்ணி. முழியைப் பாருங்க, அப்பட்டமான திருட்டு முழி. அமுக்கிடலாமா?"

"தூசி ஒத்துக்காத மனுஷன் வேலை மெனக்கெட்டுத் தன்னைத் தானே ஏணியில ஏத்திக்குவாரா? நூலகர் போனதுல அதிகம் கஷ்டப்படறது இவர்தான். போர்டைப் பார்க்கலாம், வாங்க."

பலகை இருந்த அறையில் மேஜை, நாற்காலி அதிகமில்லை. சுவர் முழுக்கப் புள்ளியும் கோடும். மேலே சிவப்பில் பெரிதாக எழுதியிருந்தது: 'கோட்டைத் தொங்க விடாதே'. பலகைக்கு முன்னால் கையில் மார்க்கரோடு நின்ற பெண்மணியைத் துறையில் எல்லோரும் விதிக்காரம்மா என்றுதான் அழைப்பார்கள். விதிகளை ஓட்டுவது அவர் பொறுப்பு. ஒரு நாள் லீவு போட்டதில்லை, ஒரு விதியைத் தவறாகப் பொருத்தியதில்லை. கறாரென்றால் அப்படிக் கறார்.

"நூலகரை அழிச்சது நீங்கதானா?" என்றார் அண்ணி.

"நான் அழிக்கலைங்க. விதி நாலு அழிச்சுது. நான் துடைச்சேன், அவ்வளவுதான்." சொல்லும்போதே அவர் பார்வை நூலகர் நின்ற மூலைக்குப் போய், சட்டென்று திரும்பியது. "இருபத்திரண்டு வருஷம் பழகினவர். அவர் இங்கே இருந்திருந்தா, மன்னிச்சுக்கங்கன்னு கேட்டிருப்பேன்."

"நான் இருந்திருந்தா, பரவாயில்லம்மான்னு சொல்லியிருப்பேன்," என்றார் நூலகர் மூலையிலிருந்து.

இருவரும் வேறு வேறு சுவரைப் பார்த்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினார்கள். கொழுந்தனார்கூட ஒரு பிஸ்கட்டை எடுத்து, தின்னாமல் மறுபடி பையில் போட்டார்.

"அந்த வாசகம் என்ன, கோட்டைத் தொங்க விடாதேன்னு?" என்றார் அண்ணி.

விதிக்காரம்மா நிமிர்ந்தார். "அதான் எங்களுக்கு எல்லாமே. இப்ப விதி நாலுல நடுப்புள்ளியை எடுக்கறோம். அந்த நடுப்புள்ளிக்கு மூணாவதா ஒரு கோடு இருக்குன்னு வைங்க. புள்ளி போனா, அந்தக் கோட்டோட ஒரு முனை அந்தரத்துல தொங்கும். அது மகா பாவம். அதனால மூணாவது கோடு இருந்தா விதி பொருந்தவே பொருந்தாது. ஆளைத் தொட முடியாது."

"ஆக, ஒருத்தரைக் காலி பண்ணணும்னா முதல்ல அவரோட மூணாவது கோட்டைக் காலி பண்ணணும்."

"அண்ணி!" என்று கொழுந்தனார் துள்ளினார். "கொலைக்கு முன்னாடி நாய்க்கு விஷம் வைக்கற மாதிரி!"

"நூலகர் இருந்த இடத்தைக் காட்டுங்க. தம்பி, அந்த ஜன்னல் திரையை ஒதுக்குங்க."

வெயில் பலகையின் மேல் சாய்வாக விழுந்தது. அண்ணி பலகையோடு கன்னத்தை ஒட்டிக்கொண்டு, ஒரு கண்ணை மூடிப் பக்கவாட்டில் பார்த்தார். பிறகு விரலை வைத்தார். அழிக்கப்பட்ட நூலகரின் இடத்திலிருந்து மங்கலாக, மிக மங்கலாக, ஒரு பச்சைக் கறை கிளம்பி, இரண்டு நீலக் கோடுகளைக் குறுக்கே கடந்து, பலகையின் இடது கீழ்மூலைக்குப் போய் நின்றது.

"போன வாரம் போட்ட கோட்டை அழிச்சா சுத்தமா போயிடும்," என்றார் அண்ணி. "வருஷக்கணக்கா இருந்த கோடு போனாலும் கறை போகாது. காலண்டரைக் கழட்டின சுவர் மாதிரி. இது கிழட்டுக் கோடு. அஞ்சாறு வருஷமாவது இருந்திருக்கும்."

விதிக்காரம்மாவின் முகம் வெளிறியது. "இப்படி ஒரு கோட்டை நான் அழிக்கல. அழிச்சிருந்தா பதிவேட்டுல இருக்கும்."

பதிவேடு வந்தது. திங்கட்கிழமைக்கு இரண்டே வரி. ஒன்பது ஐந்து: விதி ஒன்று, புள்ளி முப்பத்தொன்று நீக்கம். ஒன்பது பத்து: விதி நான்கு, புள்ளி பன்னிரண்டு நீக்கம்.

"பன்னிரண்டு நூலகர். முப்பத்தொண்ணு யாரு?"

"தெரியாதுங்க. எங்களுக்கு எண்தான், பேர் கிடையாது. விதி ஒண்ணுன்னா, எந்தக் கோடும் இல்லாம அநாதையா நிக்கற புள்ளியைத் துடைச்சுடறது. திங்கட்கிழமை காலையில இந்த இடது மூலையில அப்படி ஒண்ணு நின்னுது."

"வெள்ளிக்கிழமை அது அநாதையா இருந்துதா?"

விதிக்காரம்மா யோசித்தார். "இல்லையே," என்றார் மெல்ல. "வெள்ளிக்கிழமை சாயங்காலம் பார்த்துட்டுத்தான் போனேன். அநாதை எதுவும் இல்ல."

"அப்ப பச்சைக் கோட்டோட இந்த முனை முப்பத்தொண்ணு, அந்த முனை நூலகர். வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவுல யாரோ கோட்டை மட்டும் அழிச்சிருக்காங்க. கோடு போனதும் இவர் அநாதை ஆனார், அவர் நடுப்புள்ளி ஆனார். ஒரே துடைப்புல ரெண்டு பேர் காலி."

"இந்தம்மாதான்!" என்றார் கொழுந்தனார், விதிக்காரம்மாவை நோக்கி விரலை நீட்டி. ஒரு நாளில் இரண்டு பேர்மேல் பழிபோடுவது அவருக்குப் பழக்கம்தான். "சாவி இவங்ககிட்ட, மார்க்கர் இவங்ககிட்ட, டஸ்டர் இவங்ககிட்ட!"

"அந்த டஸ்டரைப் பாருங்க தம்பி. செங்கல் அகலம் இருக்கு. பச்சைக் கோடு ரெண்டு நீலக் கோட்டைக் கடக்குது. இதால துடைச்சிருந்தா நீலமும் சேர்ந்து போயிருக்கும். நீலத்துல ஒரு கீறல்கூட இல்ல. துடைச்சவர் விரல் நுனியில துணியைச் சுத்திக்கிட்டு, பொறுமையா, அங்குலம் அங்குலமா துடைச்சிருக்காரு. தூசி தட்டறதையே தொழிலா வெச்சிருக்கறவர் துடைப்பு அது."

எல்லோரும் மெதுவாகத் திரும்பினார்கள். நூலகரைப் பார்க்கக்கூடாத விதிக்காரம்மாவும் திரும்பினார். நூலகரின் சட்டைப் பையில் எட்டிப்பார்த்த மஞ்சள் துணியின் ஓரத்தில் பச்சைக் கறை.

"ஆமாங்க," என்றார் நூலகர் குழப்பத்தோடு. "அதை நான்தான் அழிச்சேன். அதுக்கென்ன?"

"உங்களை நீங்களே காலி பண்ணிக்கிட்டீங்களா!" என்று கொழுந்தனார் தலையில் கை வைத்தார்.

"ஐயோ, இல்லைங்க. அது வேலைக் கோடு இல்ல, புத்தகக் கோடு. யாராவது புத்தகம் வாங்கினா அவருக்கும் எனக்கும் ஒரு பச்சைக் கோடு. திருப்பினா நான்தான் அழிக்கணும். அது விதியில வராது, நூலக வேலை. இப்ப மாதிரி வருஷக் கடைசியில எல்லாரும் திருப்பிடுவாங்க. ஒருத்தரைத் தவிர. முப்பத்தொண்ணு. வெளியாள். ஆறு வருஷமா ஒரு புத்தகத்தைக் குடுக்கல. மாசா மாசம் நினைவூட்டுக் கடிதம் போட்டேன், எழுபத்தோரு கடிதம். பதிலே இல்ல." அவர் முகம் மலர்ந்தது. "சனிக்கிழமை சாயங்காலம் பின்வாசல் பெட்டியைத் திறக்கறேன், உள்ளே அந்தப் புத்தகம்! ஆறு வருஷத்துல முதல் தடவையா எல்லாப் புத்தகமும் வீடு வந்து சேர்ந்துடுச்சு. அலமாரி முன்னாடி நின்னு அழுதேங்க. அந்தச் சந்தோஷத்துல கோட்டை அழிச்சுட்டு நிம்மதியா தூங்கினேன்."

அவருக்குப் புரிய இன்னும் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் அப்படியே சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார். நூலகம் முழுமை அடைந்த அன்றைக்கே நூலகர் தேவையற்றுப் போயிருக்கிறார். ஆறு வருடமாக அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது யாரோ ஒரு பொறுப்பற்ற ஜென்மம்.

பின்வாசல் பெட்டி என்ற சொல்லைக் கேட்டதும் துறையின் பேரை எங்கே படித்தோம் என்று கொழுந்தனாருக்குத் தெரிந்துவிட்டது. முன்வாசல் வழியாக வந்ததால் கட்டடம் பிடிபடவில்லை.

"அந்தப் புத்தகத்தைப் பார்க்கலாமா?" என்றார் அண்ணி.

துறைத்தலைவரை விட்டால் அதை எடுக்க உரிமையுள்ளவர் வேறு யாரும் இல்லை. அவர் ஏறி, தும்மி, இறங்கி, கொண்டுவந்து நீட்டினார். 'மாற்று விதிகள், இரண்டாம் பாகம்'. தடித்த அட்டை. அதைக் கையில் வாங்கிய அண்ணி திறக்கவில்லை. அட்டையின் நடுவில் சதுரமாக ஒரு பள்ளம், அதில் ஒரு மூலை மட்டும் பதியவில்லை. ஒரு மூலை உடைந்த சதுர மேஜைக்கால் எது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஆறு வருடம் அதன் எதிரில் உட்கார்ந்திருக்கிறார்.

"தம்பி," என்றார்.

கொழுந்தனார் கதவுப் பக்கம் ஓரடி பின்வாங்கினார்.

"நம்ம மேஜைக்கு அடியில இருந்தது வேண்டாத புத்தகம்னுதானே சொன்னீங்க?"

"எனக்கு வேண்டாத புத்தகம்தான் அண்ணி," என்றார் ஈனக்குரலில். "அந்தக் குடைக் கேஸுக்கு இந்தக் கட்டடத்தோட பின்பக்கத்துக்கு வந்தோமே, ஆறு வருஷம் முன்னாடி. நீங்க விசாரிச்சுக்கிட்டு இருந்தீங்க. எனக்குப் பொழுது போகல. உறுப்பினரா சேர்ந்து, இருக்கறதுலயே கனமா ஒண்ணு எடுத்தேன். போன வாரம் தச்சர் காலைச் சரிபண்ணிட்டாரு. சரி, மனசாட்சின்னு ஒண்ணு இருக்கேன்னு சனிக்கிழமை கொண்டுவந்து பெட்டியில போட்டேன். என் வாழ்நாள்ல நான் செஞ்ச ஒரே நல்ல காரியம் அண்ணி! அதுல ஒரு மனுஷன் அழிஞ்சு போயிட்டாரே!"

"எழுபத்தோரு கடிதம்?" என்றார் நூலகர்.

"கதவு எண்ணைத் தப்பா எழுதிட்டேன்."

"தப்பாவா?"

"வேணும்னேதான்."

மணி மூன்று நாற்பது. விதிக்காரம்மாவின் மேஜையில் கேமரா தயாராக இருந்தது.

"இப்பவே திரும்ப எடுத்துக்கறேன்!" என்று கொழுந்தனார் புத்தகத்தைப் பிடுங்கினார். "இந்தாங்க, எடுத்துட்டேன், கோட்டைப் போடுங்க!"

"யாருக்குப் போடறது? நூலகர்னு ஒரு புள்ளியே இல்ல. இல்லாத புள்ளிக்குக் கோடு போட்டா அது தொங்கும்," என்றார் விதிக்காரம்மா. அழுகிற நிலையில் இருந்தார். "புதுப்புள்ளி வைக்க எங்ககிட்ட விதியே கிடையாது. திங்கட்கிழமை நான் செஞ்சது முறைப்படி சரி. சரியா செஞ்சதை எப்படி மாத்தறது?"

நூலகர் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டார். "பரவாயில்லைங்க. தம்பி மேல கோபமில்ல. புத்தகத்தைத் திருப்பறது நல்ல பழக்கம்தானே. அதைத்தான் நான் எல்லாருக்கும் சொல்லிக்கிட்டு இருந்தேன்." அதைக் கேட்கக் கொழுந்தனாருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அண்ணி மட்டும் அசையவில்லை. கொழுந்தனார் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி, பின்னட்டையைத் திறந்தார். அங்கே காகித உறை ஒன்று ஒட்டியிருந்தது. உறைக்குள் விரலை விட்டுத் துழாவினார்.

"இதுக்குள்ள என்ன இருக்கணும்?"

"தேதி அட்டை," என்றார் நூலகர். "புத்தகம் குடுக்கற அன்னிக்கு அதுல தேதி குத்திக் குடுப்பேன். புத்தகமும் அட்டையும் சேர்ந்து வந்தாத்தான் திருப்பினதா அர்த்தம். வாசல்லயே எழுதிப் போட்டிருக்கேனே." பேசிக்கொண்டே வந்து காலி உறையைப் பார்த்தார். பார்த்தவர் படாரென்று நெற்றியில் அடித்துக்கொண்டார். "அடக் கடவுளே! சந்தோஷத்துல நான் அட்டையைப் பார்க்கவே இல்லையே! இருபத்திரண்டு வருஷத்துல ஒரு தடவைகூட இப்படி நடந்ததில்லையே!"

"ஆக, புத்தகம் முறைப்படி திரும்பி வரல," என்றார் அண்ணி. "வராத புத்தகத்துக்குக் கோடு அழியக்கூடாது. அழியக்கூடாத கோடு திங்கட்கிழமை காலையில இருந்ததாத்தான் கணக்கு. அப்படின்னா அம்மா, ஒன்பது பத்துக்கு நீங்க நடுப்புள்ளியை எடுத்தப்ப..."

விதிக்காரம்மாவின் கையிலிருந்து மார்க்கர் விழுந்தது. "தொங்கிச்சு," என்றார். "நான் கோட்டைத் தொங்க விட்டுட்டேன்!" அவமானத்தில் சிவந்த முகத்தில் அடுத்த கணமே ஒரு வெளிச்சம் வந்தது. "அப்ப நான் செஞ்சது தப்பு! தப்புன்னா செல்லாது! செல்லாததை ரத்து பண்ணலாம்!" தப்பு செய்துவிட்டோம் என்று ஒரு மனுஷி இவ்வளவு குதூகலித்து அண்ணி பார்த்ததில்லை. ஆனால் அந்தக் குதூகலம் அரை நிமிடம்தான். "இருங்க. அட்டை எங்கே? தொலைஞ்சு போயிருந்தா கோடும் தொலைஞ்ச மாதிரிதான். அட்டை இப்பவும் முப்பத்தொண்ணு கையில இருக்கணும்."

எல்லோரும் கொழுந்தனாரைப் பார்த்தார்கள்.

அவர் சட்டைப் பையைத் துழாவினார். கால்சட்டைப் பையைத் துழாவினார். பஸ் டிக்கெட், சீப்பு, பிஸ்கட் தூள். மணி மூன்று ஐம்பத்திரண்டு. கடைசியாகப் பர்ஸை எடுத்துத் தலைகீழாக உதறினார். மடிந்து பழுத்த அட்டை ஒன்று மேஜையில் விழுந்தது. ஆறு வருடத்துக்கு முந்தைய தேதி ஊதா மையில் பளிச்சென்று இருந்தது.

"பர்ஸ்ல இதை எதுக்கு வெச்சிருந்தீங்க?" என்றார் அண்ணி.

"ஒண்ணுமே இல்லாம தட்டையா இருந்தா மரியாதை இருக்காது அண்ணி."

விதிக்காரம்மா பலகைக்கு ஓடினார். முதலில் இடது மூலையில் முப்பத்தொன்று. அப்புறம் பன்னிரண்டு. இரண்டுக்கும் நடுவில் பச்சைக் கோடு. துறைத்தலைவருக்கும் அலமாரிக்கும் போட்டிருந்த நேர்க்கோட்டைத் துடைத்து, நூலகர் வழியாகவே மறுபடி இணைத்தார். பதிவேட்டில் 'விதி ஒன்று, விதி நான்கு இரண்டும் செல்லாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கேமரா கிளிக் என்றது. சரியாக நாலு மணி.

துறைத்தலைவர் கதவருகிலேயே நின்றுகொண்டிருந்தார். பலகையைப் பார்த்தார். பிறகு தலையைத் தாழ்த்தி, மூன்று நாளில் முதல் தடவையாக நூலகரின் கண்ணை நேருக்கு நேர் பார்த்தார்.

"சாப்பிட்டீங்களா?" என்றார்.

நூலகர் மஞ்சள் துணியால் முகத்தை மூடிக்கொண்டு ஓவென்று அழுதார். துறைத்தலைவர் அவர் தோளைத் தட்டிக்கொண்டே, "பதினஞ்சு பேர் வரிசையில நிக்கறாங்க, மெதுவா வாங்க, ஆனா சீக்கிரம் வாங்க" என்றார்.

கொழுந்தனார் நெகிழ்ந்துபோயிருந்தார். அந்த நெகிழ்ச்சியில் மேஜையிலிருந்த அட்டையை எடுத்து, "ஐயா, தாமதத்துக்கு மன்னிக்கணும்" என்று நூலகரிடம் நீட்டினார். இருபத்திரண்டு வருடப் பழக்கம், நூலகரின் கையும் தானாக நீண்டது.

"வாங்காதீங்க!" என்று அண்ணி, விதிக்காரம்மா, துறைத்தலைவர் மூவரும் ஒரே குரலில் அலறினார்கள்.

நூலகர் கையை இழுத்துக்கொண்டார். கொழுந்தனார் அட்டையை அவசர அவசரமாகப் பர்ஸில் திணித்தார்.

அடுத்த மாதம் முதல் தேதி அலுவலகத்துக்கு ஒரு கடிதம் வந்தது. கதவு எண் இந்தத் தடவை சரியாக இருந்தது. 'தங்களிடம் உள்ள தேதி அட்டையை உடனடியாகத் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். இது எழுபத்திரண்டாவது நினைவூட்டல்' என்று அச்சிட்டிருந்தது. கீழே துறையின் முத்திரை, நூலகரின் கையெழுத்து. அதற்கும் கீழே பென்சிலால், யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதுபோல் பொடி எழுத்தில், 'கும்பிட்டுக் கேட்டுக்கறேன், தந்துடாதீங்க' என்று எழுதியிருந்தது.

கொழுந்தனார் அதை இரண்டு தடவை படித்தார். பர்ஸைத் திறந்து அட்டை இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அண்ணி, என்னையும் நம்பி ஒருத்தர் இருக்காரு," என்றார் தழுதழுத்த குரலில்.

அண்ணி ஆடாத மேஜையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஜாக்கிரதை தம்பி. திருந்திடாதீங்க."